மழை இரவில் விழித்திருப்பவர்களுக்கு

(தோட்டப் பாடசாலை மண்டபத்தில் நடந்த ஒளிவிழாவில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



ஒளிவிழாவில் பேச வேண்டும் என்று கேட்டபோது நாங்கள் கொஞ்சம் தயங்கினோம். பிரசங்கம் செய்வது எங்கள் வேலை இல்லை. பிள்ளை மடுவத்துக்குப் பால்மா வந்ததா, மலசலகூடத்துக்குக் கதவு போட்டாச்சா, சேமலாப நிதிப் படிவத்தில் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஆனாலும் மழைக்காலத்தில் லயம் லயமாகப் போய்வரும்போது காதில் விழுகிறது ஒரே பேச்சுத்தான். பயத்தைப் பற்றிய பேச்சு. ஆகையால் இன்றைக்கு அதைப் பற்றியே பேசுவோம் என்று வந்திருக்கிறோம். சைவக் குடும்பங்களும் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு மாதா கோயில் பிள்ளைகள் காவடி பார்க்கப் போவதும், மாதா திருநாளுக்கு உங்கள் பிள்ளைகள் மெழுகுதிரி பிடிப்பதும் இந்தத் தோட்டத்தில் வழக்கம். இந்த வீட்டில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டா பயம் உள்ளே வருகிறது?

மேல் டிவிஷனில் ஒரு சகோதரி இருக்கிறார். பெயர் வேண்டாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு ஒரு கிலோ தப்பினாலும் நிமிர்ந்து நின்று கேட்கிறவர். அப்படிப்பட்டவர், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த அந்த இரவுக்குப் பிறகு, தகரத்தில் மழை விழுந்தாலே எழும்பி உட்கார்ந்துவிடுகிறார். தூங்குகிற பிள்ளைகளுக்குச் செருப்பை மாட்டிவிடுகிறார். ஸ்தோப்பில் நின்று பின்பக்கத்து மலையைப் பார்க்கிறார். திரும்ப உள்ளே போகிறார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஸ்தோப்பு. விடியும் வரைக்கும் இப்படித்தான். காலையில் பெரட்டுக்கு வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். மலையில் கை ஓடாது. நிறை குறைகிறது, அரைப்பேர் விழுகிறது, அந்தக் கவலை வேறு.

அவர் எங்களிடம் கேட்டது இதுதான். "ஐயா, ஜெபம் பண்ண வந்தவங்க சொன்னாங்க, விசுவாசம் இருந்தா பயம் இருக்காதாம். எனக்குப் பயம் போகவே மாட்டேங்குது. அப்ப எனக்கு விசுவாசம் இல்லைன்னுதானே அர்த்தம்?"

அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. "யோசிக்கலாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி வந்தோம். இன்றைக்குச் சொல்வது அவருக்குக் கொடுக்கவேண்டிய பதில்தான். பிந்திப்போன பதில்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பயம் மனப்பிரமை இல்லை. டித்வாவில் நாடு முழுக்க அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா என்று நம்முடைய மலைப் பக்கம்தான் மிக மோசமாக அடிபட்டது. அதற்கு முன்னால் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த ஒரு தாய், மழை இரவில் மலையைத் திரும்பிப் பார்க்கிறாள் என்றால் அவளுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்றுதான் நாங்கள் சொல்வோம்.

இனி விசுவாசத்துக்கு வருவோம். பயப்படுகிறவனுக்கு விசுவாசம் இல்லை என்றால், இயேசுநாதர் பிடிபட்ட அந்த வியாழக்கிழமை இரவை என்னவென்று சொல்வது?

ஒலிவ மலையின் அடிவாரத்தில் கெத்செமனே என்று ஒரு தோட்டம். அந்தப் பெயருக்கு எண்ணெய் பிழிகிற செக்கு என்று அர்த்தம் சொல்வார்கள். நம் பெக்டரியில் வாடின கொழுந்து ரோலருக்குள் போய்ச் சாறு கசிய வெளியே வருவதைப் பார்த்திருக்கிறோமே, அப்படித்தான் அன்றைக்கு அவர் மனம் நசுங்கியது. மறுநாள் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். பேதுரு, யாக்கோபு, யோவான் மூன்று பேரையும் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், உயிர் போகிற மாதிரி மனம் கனக்கிறது என்று வாய்விட்டே சொன்னார். "நான் கடவுளின் மகன், எனக்கென்ன பயம்" என்று நெஞ்சை நிமிர்த்தவில்லை. முகம் குப்புற மண்ணில் விழுந்தார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள் மாதிரி நிலத்தில் விழுந்தது என்று லூக்கா எழுதியிருக்கிறார். முடியுமானால் இந்தப் பாத்திரம் என்னைவிட்டுப் போகட்டும் என்று பிதாவிடம் கேட்டார். வராமல் இருந்தால் நல்லது என்று வெளிப்படையாகவே கேட்டார்.

அந்த மூன்று பேரிடமும் அவர் கேட்ட உதவி ஒன்றே ஒன்று. என்னோடு கொஞ்ச நேரம் விழித்திருங்கள். அவ்வளவுதான். அவர்களோ தூங்கிவிட்டார்கள். பாவம், அலைந்து களைத்த உடம்பு. அவர் ஜெபித்துவிட்டு வந்து பார்க்கிறார், தூங்குகிறார்கள். போகிறார், மறுபடி வருகிறார். மூன்று தரம் அப்படி. இதை நாங்கள் வேதாகமத்தில் திரும்ப வாசித்தபோது அந்தச் சகோதரி ஸ்தோப்புக்கும் காம்பராவுக்கும் நடப்பதுதான் கண்முன் வந்தது. ஊரெல்லாம் தூங்குகிற இரவில் பயத்தோடு தனியாக நடப்பது எப்படி என்று இயேசுவுக்குத் தெரியும். தங்கச்சி, நீங்கள் நடக்கிற அந்த நடையை அவரும் நடந்திருக்கிறார்.

பாத்திரம் அவரைவிட்டு நீங்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பலம் கொடுக்க ஒரு தூதன் வந்தான் என்று லூக்கா சொல்கிறார். அந்தப் பலத்தோடு எழுந்து, வருகிறவர்களுக்கு முன்னால் போய் நின்றார். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதுதான் கிறிஸ்தவர்களுடைய நம்பிக்கையின் அடி. அப்போதும் கையில் ஆணிக்காயம் இருந்தது; தோமாவுக்குக் காட்டினாரே. பட்டதை எல்லாம் படாதது போல் துடைத்துவிடுகிற நம்பிக்கை இல்லை இது. காயத்தோடேயே எழும்ப வைக்கிற நம்பிக்கை.

ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இதில் நாங்களே குற்றவாளி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாவு வீட்டுக்குப் போனோம். வளர்ந்த பையன் போய்விட்டான். அந்தத் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் ஆண்டவருடைய சித்தம், அவர் நல்லவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்று அரை மணித்தியாலம் பேசினோம். அந்த அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்துக் காம்பரா அக்கா ஒரு கோப்பைச் சாயத்தண்ணியோடு வந்தார். ஒன்றும் பேசவில்லை. கோப்பையைக் கையில் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். அப்போதுதான் அந்தத் தாய்க்கு அழுகையே வந்தது. நாங்கள் எழும்பி வெளியே வந்து நின்றுகொண்டோம்.

லாசருவின் கல்லறைக்குப் போன இயேசு அவனை எழுப்பப் போகிறார் என்று அவருக்கே தெரியும். தெரிந்தும் அவன் சகோதரி அழுததைக் கண்டு தானும் அழுதார். எலியா தீர்க்கதரிசி கதையும் அப்படித்தான். யேசபேல் ராணி கொல்லப் பார்த்தபோது வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு செடியின் கீழே உட்கார்ந்து, போதும் ஆண்டவரே என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டவர் அவர். எவ்வளவு பெரிய பக்தன்! அவருக்குத் தேவதூதன் புத்திமதி சொல்லவில்லை. தணலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்க விட்டான். பிறகு மறுபடி எழுப்பி, போகவேண்டிய தூரம் அதிகம் என்று சொல்லி மறுபடி சாப்பிடக் கொடுத்தான். அடை என்றால் வேறென்ன, நாம் சுடுகிற ரொட்டி மாதிரித்தான். செத்தால் தேவலை என்று யாராவது உங்கள் காதுபடச் சொன்னால், அதைச் சும்மா பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். ரொட்டியும் தேத்தண்ணியும் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருங்கள், தனியாக விடாதீர்கள், எங்களுக்கும் ஆள் அனுப்புங்கள். தூக்கமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறவர்களுக்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம். அது தேசிய மனநல நிறுவகத்தின் எண். ஆஸ்பத்திரிக்குப் போவதால் விசுவாசம் குறைந்துவிடாது. காய்ச்சலுக்குப் போகிறோமா இல்லையா?

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், எங்களுக்குத் தகப்பன் முறை. சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றைக்கு எல்லோரும் பாடசாலைக்கு இறங்கியபோது அவர் மட்டும் அசையவில்லை. "கர்த்தர் பாத்துக்குவாரு, நான் எங்கயும் வரல தம்பி" என்றார். கடைசியில் பேரன்மார் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஐயாவுக்கு நாங்கள் மரியாதையோடு சொல்வது இதுதான். தேவாலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, கீழே குதி, தேவதூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னது யார்? சாத்தான். வேத வசனத்தையே எடுத்துச் சொன்னான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைச் சோதித்துப் பார்க்கிற வேலை அது என்று மறுத்துவிட்டார். பிளந்துகொண்டிருக்கிற மலைக்குக் கீழே, ஆண்டவர் காப்பாற்றுவார் என்று படுத்திருப்பதும் அந்த உச்சியில் நிற்கிற மாதிரிதான். பவுல் அப்போஸ்தலர் ரோமாபுரிக்குப் போன கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் புயல். ஒரு உயிரும் சேதமாகாது என்று தூதன் வாக்குக் கொடுத்திருந்தான். அதற்காகப் பவுல் சும்மா உட்காரவில்லை. மாலுமிகள் கப்பலைவிட்டு நழுவப் பார்த்ததைத் தடுத்தார், எல்லோரையும் சாப்பிட வைத்தார். கடைசியில் கப்பல் உடைந்தது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தி, மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேரும் கரைசேர்ந்தார்கள். கப்பல் போனது, ஆட்கள் இருந்தார்கள்.

"சேர், வீட்டை விட்டு வந்தா எங்களுக்கு என்ன கிடைச்சது?" என்று கேட்பீர்கள். நியாயம். பாயில் நெருக்கியடித்துப் படுத்தீர்கள், மலசலகூடத்துக்கு வரிசையில் நின்றீர்கள், திரும்பிப் போனால் கோழியைக் காணோம். மழை விட்டதும் அதே லயம், அதே மலை. வேறு இடத்தில் காணி, வீடு என்று எத்தனை தரம் பெயர் எழுதிக் கொடுத்தோம். எழுதின கை எங்களுடைய கைதான். அந்தப் பட்டியலை நினைத்தால் உங்கள் முகத்தைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைக் கேட்பதை நிறுத்தாதீர்கள். பொறுமையாக இருப்பதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒன்றில்லை. நீதி கேட்டுக் கேட்டு நீதிபதியை அலுக்க வைத்த விதவையை இயேசு ஜெபத்துக்கு உதாரணமாகச் சொன்னார்.

வீடு கிடைக்கும் வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டுமே. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள் எச்சரிக்கை விடும். 100 தாண்டினால் செம்மஞ்சள். 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் இறங்கிவிட வேண்டும். எச்சரிக்கை வராவிட்டாலும், நிலத்தில் புது வெடிப்பு, மரம் சாய்தல், கதவு திடீரென்று இறுகுதல், பீலித் தண்ணீர் கலங்கி வருதல் அல்லது நின்றுபோதல், இதில் ஒன்றைக் கண்டாலும் காத்திருக்க வேண்டாம். 117க்கு அடியுங்கள், எங்களுக்கும் சொல்லுங்கள்.

பிந்தின பதிலோடு போன கிழமை மேல் டிவிஷனுக்குப் போனோம். பதிலை முழுக்கச் சொல்ல அந்தச் சகோதரி விடவில்லை. "அப்ப யாராவது என்கூட முழிச்சிருப்பாங்களா?" என்றார். அங்கேயே நின்று பேசி ஒரு முறை வைத்திருக்கிறோம். கனத்த மழை இரவில் இரண்டு இரண்டு பேராக விழித்திருப்பது. கையில் டோர்ச், போன், தட்டுவதற்கு ஒரு தகரம். கோயில் தலைவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார், மாதா கோயில் இளைஞர்கள் நான்கு பேர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இரண்டு இரவு மழை பெய்தது. முதல் இரவு அந்தச் சகோதரி தூங்கவில்லை, காவலுக்கு நின்றவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாராம். இரண்டாம் இரவு மூன்று மணிக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்தேன் என்று சொன்னார். பிள்ளைகளுக்குச் செருப்பு மட்டும் மாட்டித்தான் இருந்ததாம். இருக்கட்டும்.

கீழ் டிவிஷன் ஆட்கள் இன்னும் பெயர் கொடுக்கவில்லை. பிள்ளை மடுவத்தில் கொப்பி இருக்கிறது. மண்டபத்துச் சாவி ஒன்று அதிபரிடமும் ஒன்று எங்களிடமும் இருக்கும், எந்த நேரமும் வந்து தட்டலாம். பிள்ளைகள் பாடுவதற்கு ஆயத்தமாக நிற்கிறார்கள், அவர்களைக் குளிரில் வைத்திருக்கக் கூடாது.