நாய்க்கடியும் ஊசி மருந்தும்



கேரளத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரைத் தாலுகாவில், பொழியூர் என்னும் கடற்கரைக் கிராமம் உள்ளது. அதை அடுத்தது தமிழ்நாட்டின் நீரோடி. இவ்விரண்டுக்கும் நடுவே 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை செல்கிறது. மீன் கழிவைத் தேடி மணலில் திரியும் நாய் அந்த எல்லையை அறியாது. நாய்க்கடிக்குரிய ஊசி மருந்துக்கும் அவ்வெல்லை தடையன்று. வெளிமாநிலங்களில் வாழும் தமிழ் மக்கள் இதை நினைவில் இருத்துதல் நலம்.

நம் முதியோருக்கு நாய்க்கடி ஊசி என்றாலே அச்சம். அந்நாளில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தை வயிற்றுத் தோலின் கீழ், நாள்தோறும், 14 நாள் வரை செலுத்தினார்கள். 1907-இல் நிறுவப்பெற்ற குன்னூர் பாஸ்டர் நிலையமும் நெடுங்காலம் அதைத் தயாரித்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அம்முறை ஒழிந்தது.

இன்றைய மருந்து உயிரணு வளர்ப்பின் மூலம் செய்யப்படுவது. அரசு மருத்துவமனைகளில் இதனை இரு மேற்கைகளிலும் தோலுக்குள், இடத்துக்கு 0.1 மில்லி லிட்டர் வீதம் போடுகிறார்கள். முதல் ஊசி போட்ட நாளை நீக்கி எண்ணி, 3, 7, 28-ஆம் நாள்களில் மீண்டும் போட வேண்டும்.

ஒரே ஊசி போதாதோ என்று சிலர் கேட்கலாம். கடிவாயில் புகுந்த நச்சுக்கிருமி நரம்பின் வழியே மூளையை நோக்கி ஊர்கிறது. அதை எதிர்க்கும் ஆற்றலை உடல் உண்டாக்கச் சில நாள்கள் ஆகும். அவ்வாற்றல் நிலைபெற அடுத்தடுத்த ஊசிகள் தேவை. இரத்தம் கசியும் காயமாயின், ஆயத்தமான எதிர்ப்பொருளைக் காயத்திலேயே செலுத்துவார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சவுக்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுதல் வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது.

பொழியூருக்கு விடுமுறையில் வந்த ஒருவர் நாய்க்கடிக்கு முதல் ஊசி போட்டுக்கொண்டு, மறுநாளே மும்பைக்கு ரயில் ஏறுகிறார் என்று கொள்வோம். காயம் ஆறியது கண்டு எஞ்சிய ஊசிகளை அவர் மறந்துவிடலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக எடுத்துச் சென்று, போன ஊரிலேயே அவற்றைப் போட்டுக்கொள்ளலாம். நாள் தவறினும் நம்பிக்கை இழக்க வேண்டா. உடனே சென்று, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஊர் மாறினாலும் ஊசியின் நாள் மாறலாகாது.