வழக்கு போய்விட்டது, கேள்வி போகவில்லை!

(ஒரகடம் இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

படப்பையில் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "ஹஜ்ரத்! மகன் மருத்துவ மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறான். உம்மீது எப்போதாவது குற்ற வழக்கு பதிவானதா என்று படிவத்தில் கேட்கிறார்கள். 2020-ல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மறியலில் உட்கார்ந்தான், வழக்குப் போட்டார்கள். அதைத்தான் வாபஸ் வாங்கிவிட்டார்களே, 'இல்லை' என்று எழுதிவிடலாமா?" என்றார்.

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கும் உண்டு. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலை வேலைநிறுத்தத்தின்போதும் தொழிலாளர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. இது நம் சமுதாயத்துக்கு மட்டும் வந்த சோதனையல்ல.

வன்முறை சம்பந்தப்பட்டவை நீங்கலாக, அந்தப் போராட்ட வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஆனால் அறிவிப்போடு வழக்கு முடிந்துவிடாது. நீதிமன்றத்துக்குப் போன வழக்கு என்றால், அரசு வழக்கறிஞர் மனுப் போட வேண்டும். நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். உங்கள் வழக்கில் அது நடந்ததா? விசாரித்தீர்களா?

வழக்கு கைவிடப்பட்டது என்பது வேறு. வழக்கே பதிவாகவில்லை என்பது வேறு! ஆகவே கேள்வியை நிதானமாகப் படியுங்கள். 'தண்டனை பெற்றீரா?' என்றால், இல்லை. 'வழக்கு நிலுவையில் உள்ளதா?' என்றால், முடிந்தது உறுதியானால் இல்லை. 'எப்போதாவது பதிவானதா?' என்றால், ஆம். வழக்கு எண், ஆண்டு, முடிவு மூன்றையும் எழுதி, நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை இணையுங்கள்.

2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வேலை நியமனம் பற்றியது. ஆனாலும் படிவம் நிரப்பும் எவருக்கும் அதில் பாடம் உண்டு. தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். குறிப்பாகக் கேட்காததைச் சொல்லவில்லை என்பதற்காக, மறைத்தான் என்று நடவடிக்கை எடுக்க முடியாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம். 'மன்னிக்கலாம்' என்பதைக் கவனியுங்கள். மன்னித்தே தீர வேண்டும் என்றில்லை. உண்மையைச் சொன்னவரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் மறியலில் உட்கார்ந்தது ஒரு நாள் செய்தி. பொய் எழுதியது ஆயுள் முழுதும் துரத்தும்.

வியாபாரப் பெருமக்களே! தராசில் ஒரு கிராம் குறைந்தாலும் பாவம் என்று அஞ்சுகிறீர்கள். அப்படியானால், 'ஆம்' என்று உண்மையை எழுதி உங்களிடம் வேலை கேட்டு வரும் பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள். ஏழைப் பிள்ளைக்கு நகல் எடுக்கவும் வழக்கறிஞரைப் பார்க்கவும் கை கொடுங்கள்.

அந்த மகன் 'ஆம்' என்றே எழுதினான். முடிவு இன்னும் வரவில்லை. அவனுக்காக துஆச் செய்யுங்கள்.