சலங்கைக்கு அவசரம் வேண்டாம்

(மும்பையில் நடந்த குடும்ப விழாவில் ஆற்றிய உரை)



குழந்தைகளின் நாட்டியம், விளையாட்டு பற்றிப் பேசும்படி நிர்வாகிகள் கேட்டுக்கொண்டார்கள். நான் நாட்டிய ஆசிரியை அல்ல. விளையாட்டு வீராங்கனையும் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு பெண்ணுக்கு அம்மா, ஒரு பேத்திக்குப் பாட்டி. அந்தத் தகுதியில், நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறேன்.

1986-ல் என் பெண்ணுக்கு 5 வயது. மாட்டுங்காவில் பரதநாட்டிய வகுப்பில் சேர்த்தேன். முதல் வருஷம் தட்டடவுதான் பிரதானம். அரைமண்டியில் முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து நின்று, டீச்சர் கட்டையைத் தட்டி "தையா தை" என்று சொல்லச் சொல்லப் பாதத்தைத் தட்ட வேண்டும். அதையே மூன்று காலங்களிலும் செய்ய வேண்டும். குழந்தை சந்தோஷமாகத்தான் போய்வந்தாள். பொறுமை இல்லாதது எனக்குத்தான். "அலாரிப்பு எப்போது? அரங்கேற்றம் எப்போது?" என்று டீச்சரைத் துளைத்தெடுத்தேன். காரணம், எதிராத்துக் குழந்தை மேடையேறிவிட்டாள்!

என் பெண்ணுக்கு 8 வயதானபோது, ஒரு நவராத்திரியில் அவளும் மேடையேறினாள். நடுவில் ஓர் அடவை மறந்து இரண்டு விநாடி நின்றாள். பிறகு சமாளித்து ஆடி முடித்தாள். பார்த்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான்தான் மாட்டுங்காவிலிருந்து குர்லா வரை ரயிலில் திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் வகுப்புக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்றுவலி என்றாள். அதற்கடுத்த வாரமும் வயிற்றுவலி. சலங்கை பீரோவுக்குள் போயிற்று. அப்புறம் வெளியே வரவேயில்லை.

பல வருஷங்கள் கழித்து, பேத்தியை நாட்டியத்தில் சேர்க்கலாமா என்று பேச்செடுத்தேன். என் பெண் சொன்னாள்: "அம்மா, அன்னிக்கு நான் என்ன ஆடினேன்னு எனக்கு ஞாபகமே இல்லை. குர்லா வரைக்கும் நீ திட்டினது மட்டும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு." எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அப்படி என்ன அவசரம் நமக்கு? பாலசரஸ்வதி 1925-ல் தம் 7-வது வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். உண்மைதான். ஆனால் அவர் வீணை தனம்மாளின் பேத்தி. பிறந்தது முதல் சங்கீதத்திலேயே வளர்ந்தவர். ருக்மிணி தேவி அருண்டேலோ பரதம் கற்று முதலில் மேடையேறியது 1935-ல், 31 வயதில். இருவரையும் உலகம் கொண்டாடியது. விஸ்வநாதன் ஆனந்த் 6 வயதில் சதுரங்கம் கற்றது தம் தாயார் சுசீலாவிடம். 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். நடுவில் சுமார் 12 வருஷம் இருக்கிறது. நாமோ சேர்த்த மூன்றாம் மாதமே கோப்பையை எதிர்பார்க்கிறோம்!

5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடம்பு நன்றாக அசையும்படி இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்கு மெடல் வேண்டாம். கட்டடத்துக்குக் கீழே ஓடிப்பிடித்து விளையாடுவதும் அதில் சேர்த்திதான்.

இளம் பெற்றோருக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள். ஒரே சமயத்தில் நாட்டியம், நீச்சல், கராத்தே என்று மூன்றில் சேர்க்காதீர்கள். குழந்தை "போகமாட்டேன்" என்றால் உடனே நிறுத்தவும் வேண்டாம், அடித்து அனுப்பவும் வேண்டாம். கால் வலியா, யாராவது கேலி செய்கிறார்களா, டீச்சரிடம் பயமா என்று விசாரியுங்கள். வகுப்பு முடிந்து வரும்போது "சரியா ஆடினியா?" என்று கேட்காமல், "இன்னிக்கு என்ன வேடிக்கை நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள்.

என் பேத்தி நாட்டியம் வேண்டாம் என்றாள். அவள் ஆசைப்பட்டது கால்பந்து. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் பாட்டிலோடு மைதானத்து ஓரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். போன மாதம் பந்தைத் தன் கட்சி கோலுக்குள்ளேயே அடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை சட்டென்று திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அன்று மேடையிலிருந்து என் பெண்ணும் இப்படித்தான் பார்த்திருப்பாள், நான் கவனிக்கவில்லை. இந்தத் தடவை நான் கை தட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டு பந்தின் பின்னால் ஓடிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் என் பெண்ணுக்கு ஃபோன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தேங்க்ஸ்மா" என்றாள்.

இன்று மாலை நம் குழந்தைகள் இதே மேடையில் ஆடப் போகிறார்கள். யாராவது ஓர் அடவை மறக்கலாம். தயவுசெய்து எல்லோரும் பலமாகக் கை தட்டுங்கள்.