மாடு காவலா, தீனியா?

கால்நடை மருத்துவர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் பூச்சியியலாளர்களும் ஒரே கூடத்தில் உட்காருவது அடிக்கடி நடப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் அது நடக்கும்போது, தலைமையுரை ரேச்சல் ரூபனைப் பற்றிப் பேசுவதே பொருத்தம். மனிதரைத் தாக்கும் ஒரு நோயின் தடம் தேடி மாடு, பன்றி, கொக்கு என்று சுற்றிவந்த கொசு ஆய்வாளர் அவர்.

கதை வேலூரில் தொடங்குகிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது அங்கேதான், 1955இல். அந்த வைரஸ் வேலூரைச் சூழ்ந்த வட ஆர்க்காட்டில் எந்த உயிரில் தங்குகிறது, எந்தக் கொசு அதைச் சுமக்கிறது என்பதைத் தேடிய ஆய்வுகள் 1968, 1969இல் பகுதி பகுதியாக வெளிவந்தன. கேரி, மையர்ஸ் ஆகிய ஆய்வாளர்களுடன் ரூபனும் அதில் இருந்தார். ஒரு பகுதி கொசுவிலிருந்து வைரஸைப் பிரித்தது. இன்னொன்று மனிதரல்லாத உயிர்களில் தொற்றின் அடையாளத்தைத் தேடியது.

1971இல் ரூபன் வட ஆர்க்காட்டுக் கொசுக்களைப் பற்றி ஒரு கட்டுரை வரிசையே எழுதினார். எந்தப் பருவத்தில் எந்த இனம் பெருகும், எந்தத் தண்ணீரில் முட்டையிடும் என்ற விவரங்கள். சுவைக்காக யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகளுக்கு அதுதான் கடைக்கால்.

இந்த வைரஸின் இயற்கை வீடு கொக்கு இனப் பறவைகளும் பன்றியும். பன்றியின் ரத்தத்தில் அது ஏராளமாகப் பெருகும். பெரும்பாலும் பன்றி படுக்காது, சினைப் பன்றி மட்டும் செத்த குட்டிகளை ஈனும். குதிரைக்கு மனிதரைப் போலவே மூளை பாதிக்கப்படும். நெல்வயலில் பிறக்கும் கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ் முதலான கொசுக்கள் இவற்றுக்கு நடுவே தூது போகின்றன.

மாடு?

மதுரையில் 1985இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தில் ரூபனும் சக ஆய்வாளர்களும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட வேலை பொழுது சாய்ந்தபின் தொழுவத்தில் நடப்பது. கொசு பிடிப்பவர் கையில் டார்ச், வாயில் ரப்பர் குழாய். குழாயின் மறுமுனைக் கண்ணாடிக் குழலைக் கொசுவின் மேல் மெல்ல வைத்து ஓர் உறிஞ்சு. நடுவிலிருக்கும் வலைத்துணி கொசுவை வாய்க்குள் போகவிடாது. வயிறு சிவந்து உப்பிய பெண் கொசுவைத் தனியே எடுத்து, அது குடித்தது எந்த விலங்கின் ரத்தம் என்று ஆய்வகத்தில் எதிர்ச்சீரம் கொண்டு பார்ப்பார்கள்.

1992இல் வெளியான முடிவு: இக்கொசுக்கள் பெரிதும் நாடுவது மாட்டை. பன்றியின் பங்கு சிறிது. மாட்டுக்குள் போன வைரஸோ அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்குப் பெருகுவதில்லை. அந்த வகையில் மாடு மனிதருக்கு வரவேண்டிய கடியை வாங்கிக்கொள்ளும் காவல். ஆனால் முட்டை வைக்க ரத்தம் கொடுத்துக் கொசுக் கூட்டத்தை வளர்ப்பதும் அதே மாடுதான். கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பது ஊருக்கு ஊர் மாறும். மாட்டைக் கட்டினால் போதும் என்று சுருக்கிச் சொல்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் போடுகிறார்கள்.

வயலிலும் மதுரைக் குழு கைவைத்தது. வேப்பம் புண்ணாக்கு கலந்த யூரியா கொசுப்புழுக்களைக் குறைக்குமா, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் என்ன ஆகும் என்று நெல்வயலிலேயே சோதித்தார்கள். 1994இல் ரூபன், திவாரி, ஹிரியன், அகியாமா நால்வரும் இந்தக் கியூலெக்ஸ் இனங்களைப் பிரித்தறியப் படங்களுடன் ஒரு திறவுகோல் வெளியிட்டார்கள். அச்சாக ஒன்றுபோலிருக்கும் பெண் கொசுக்களைப் பிரிக்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி இந்தத் திருவள்ளூர் மாவட்டம். பொன்னேரிப் பக்கம் நெல்வயல், பழவேற்காட்டில் நீர்ப்பறவைகள், கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஆலைகள். மெட்ராஸ் சிவப்பு ஆட்டின் சொந்த மண்ணில் இதுவும் அடங்கும். அந்த ஆடுகளை மிரட்டும் நீலநாக்கு நோயும் பூச்சி வழி வருவதே; அதைச் சுமப்பது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குயூலிக்காய்டஸ். இந்தியாவில் 2019இல் ஒடிசாவில் முதலில் தென்பட்ட மாடுகளின் தோல் கழலை நோய் கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியே பரவுவது. ஆலைக் கட்டுமானத் தொட்டியில் ஒரு கொசு, சாக்கடையில் வேறொன்று, வயலில் மூன்றாவது. நடுவே மாடு மேய்கிறது. வட ஆர்க்காட்டுக்கு 1971இல் போட்ட கணக்கை இந்தக் கலப்பு நிலத்தில் அப்படியே பொருத்த முடியாது. கும்மிடிப்பூண்டியின் தொழுவங்களில் அந்திக் கொசுவைப் பிடிக்கப் போவது யார், கால்நடைத் துறையா சுகாதாரத் துறையா, பிடித்ததை எந்த ஆய்வகம் வாங்கிக்கொள்ளும்? இதை முதல் அமர்வின் முன் வைத்துத் தலைமை கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறது.