ஆற்றுதலும் தூண்டுதலும்



கோபங்கொண்ட நெஞ்சை ஆற்றுதல், தேற்றுதல், தணித்தல் என்று சாந்தி தரும் வினைகள் நம் மொழியில் எத்தனை உண்டோ, அவற்றுக்குக் குறையாமல் எதிர்ப்பக்கத்திலும் சொற்கள் நிற்கின்றன. அகராதியோ அவற்றையெல்லாம் ஒரே வரிசையில் அடுக்கிவிடுவதால், அவற்றின் குணபேதம் நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. படுத்திருக்கும் நாயைச் சீண்டுகிறோம். ஆறிய சாம்பலைக் கிளறுகிறோம். இருவருக்கிடையே கலகம் மூட்டுகிறோம். இம்மூன்றிலும் நன்மை காண்பது அரிது. ஆனால் தூண்டுதல் என்ற சொல்லையோ, மங்கிய விளக்கின் திரியை மேலே தள்ளும் கைக்கும், சோர்ந்த மனிதனை எழுப்பும் வாக்குக்கும் பொதுவாகவே நம் முன்னோர் வழங்கினர். ஆற்றுதலும் எப்போதும் நன்மையன்று; காதலர்கூட உடனே ஆறிவிடலாகாது என்பதனாலன்றோ, வள்ளுவர் தம் நூலையே ஊடலின் இன்பம் பேசும் ஊடலுவகை அதிகாரத்தில் நிறைவு செய்தார்!

நம் அயலவராகிய மலாய்க்காரர், அழும் குழந்தையைச் சமாதானம் செய்வதை 'பூஜோக்' என்பர். பிறரை ஏவி மூட்டுவதை 'ஹாசூத்' என்பர். 1948-ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம் மலாய் மொழியில் பெயர் பெற்றது இந்த ஹாசூத்திலிருந்துதான். அதிகார பீடத்தில் இருப்பவர்க்குத் தூண்டுகிறவரும் மூட்டுகிறவரும் ஒருவராகவே தோன்றுவர் என்பதற்கு, இந்தச் சுங்கைப்பட்டாணிக்கு அருகிலுள்ள பீடோங்கின் சரித்திரமே சாட்சி.

இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்தபின், பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படையைத் திரட்டியபோது, அப்படை முதன்மையாக எதிர்த்து நின்றது கள்ளுக்கடையை. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, கங்காணியின் ஏச்சையும் கிராணியின் அதட்டலையும் விழுங்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பிய தொழிலாளிக்கு, நெஞ்செரிச்சலை ஆற்றிக்கொள்ளத் தோட்டம் காட்டிய ஔஷதம் கள்ளே. எரிச்சல் ஆறியது, எரிச்சலின் காரணமோ அணுவளவும் அசையவில்லை, பெற்ற கூலியில் ஒரு பங்கு கடைக்கே போய்ச் சேர்ந்தது. அன்பர்களே, ஆற்றுதல் என்ற நல்ல சொல் இதைவிட இழிவாகப் பயன்பட்டதை நான் அறியேன். அந்தப் பொய்ச் சாந்தியைத்தான் தொண்டர்கள் குலைத்தார்கள். 1947-ஆம் ஆண்டின் முற்பகுதியில் பீடோங்கில் காவலரோடு மோதல் மூண்டது. டப்ளின் தோட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தொழிலாளி உயிர் துறந்தார். திரியைத் தூண்டிய விரல் சூடுபடாமல் இருப்பதில்லை. அந்த உயிரை நினைக்குந்தோறும் என் குரல் தழுதழுக்கிறது.

ஆட்சியாளரின் ஏடுகளில் சாமி ஒரு கிளர்ச்சிக்காரர். அந்த நாட்களில் லயத்து வாசலில் நின்ற உங்கள் பாட்டிமாரும் பாட்டன்மாரும் அவரையும் அவர் படையையும் எந்தச் சொல்லால் குறித்தார்கள்? கேட்ட நினைவுள்ளவர்கள், கூட்டம் கலையுமுன் என்னிடம் வந்து சொல்லுங்கள். ஏடும் எழுதுகோலும் கொண்டுவந்திருக்கிறேன், இந்த மேடையடியிலேயே காத்திருக்கிறேன்.