ஒரே மரமா, பல மரமா?

தைல மரம் போட்ட விவசாயிகளுக்கு இது நினைவிருக்கும். 2000-க்குப் பிறகு தென்னிந்தியத் தைலமரத் தோப்புகளில் ஒரு குளவி நுழைந்தது. கொசுவைவிடச் சின்னது. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் முட்டையிடும். அந்த இடம் முடிச்சு முடிச்சாக வீங்கும். கன்று வளராமல் நின்றுவிடும்.

அதற்குத் தோதாக அமைந்தது எது? கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே மரம்! தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் திருடனுக்கு ஒரு சாவி போதுமே.

பல மரம் கலந்து வையுங்கள். ஒன்றைத் தின்னும் பூச்சி பெரும்பாலும் அடுத்ததைத் தொடாது. மரங்கள் ஒன்றுக்கொன்று உதவவும் செய்யும். சவுக்கின் வேர்முடிச்சு, காற்றில் இருக்கும் தழைச்சத்தை மண்ணுக்குக் கொண்டுவரும். சந்தனம் தனியே நின்றால் தேறாது. பக்கத்துச் செடியின் வேரைப் பற்றித்தான் ஊட்டம் எடுக்கும். அதனால்தான் சந்தனக் கன்றோடு துவரையைச் சேர்த்து வைக்கிறார்கள்.

கலந்து வைத்தால் ஒரே நாளில் வெட்டி விற்க முடியாது, உண்மைதான். ஆனால் சவுக்கு நாலைந்து வருடத்தில் கை கொடுக்கும். தேக்கு பிள்ளைகள் காலத்துக்கு நிற்கும். பல மரம் என்றால் பல வருமானம்.

இந்த மழைக்கு மரம் வைக்கப் போகிறீர்களா? பல மரமாக வையுங்கள். வரப்போரத்திலாவது வேறு இனம் நாலு சேருங்கள்.