கண் கொடுத்தால் பேய் தெரியுமா?

(முதலியார்பேட்டையில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு சினிமாப் படம். இதற்கு ஒரு கூட்டமா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அந்தப் படத்தின் பேரால் ஒரு சாவு வீட்டில் நடந்த காரியத்தைக் கேட்டால் அப்படி நினைக்கமாட்டீர்கள்.

இந்தக் கடலூர் சாலைக்கு அடுத்த ஒரு தெருவில் பெரியவர் ஒருவர் காலமானார். தன் கண்களைத் தானமாகக் கொடுக்கவேண்டுமென்று உயிரோடிருக்கும்போதே வீட்டாரிடம் சொல்லி வைத்திருந்தவர். மகனுக்கும் சம்மதந்தான். ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் செய்யப் போகிற சமயத்தில் பெரியவரின் தங்கை மகன் குறுக்கே வந்து, “வேண்டாம் மச்சான், மாமா கண்ணை யாருக்கு வைக்கிறார்களோ அவர்கள் முன்னால் மாமா வந்து நிற்பார். சினிமாவிலேயே காட்டினானே, பார்க்கவில்லையா?” என்றான். இவன் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதைக் கவனியுங்கள். அங்கே உட்கார்ந்திருந்த கிழவிகள் ஒருவர்கூட அதுவரை வாய் திறக்கவில்லை. படித்தவன் எடுத்துக் கொடுத்த பிறகுதான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பேசிப் பேசிப் பொழுது போயிற்று. இரண்டு கண்களும் சுடுகாட்டிற்குப் போய்ச் சாம்பலாயின.

அவன் சொன்ன படம் எது? ஹாங்காங்கில் பாங் சகோதரர்கள் என்ற இருவர் 2002-ல் எடுத்த ‘தி ஐ’ என்ற படந்தான் இதற்கு மூலம். சிறு வயதிலேயே பார்வை இழந்த ஒரு பெண்ணுக்குச் செத்துப்போன இன்னொருத்தியின் கருவிழியை வைக்கிறார்கள். கட்டு அவிழ்த்தது முதல் செத்தவர்களெல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறார்கள். வரப்போகும் சாவும் தெரிகிறது. இந்தச் சரக்கு நன்றாக விலை போனதால் தமிழில் 2004-ல் சினேகாவை வைத்து ‘அது’ என்றும், இந்தியில் 2005-ல் ஊர்மிளாவை வைத்து ‘நைனா’ என்றும், அமெரிக்காவில் 2008-ல் மறுபடியும் ‘தி ஐ’ என்றும் வந்தது. ஒரே பேய் நாலு பாஷை பேசிற்று!

ஹாங்காங் படத்தின் முடிவைக் கேளுங்கள். அந்தப் பெண்ணுக்கு மறுபடியும் கண் போய்விடுகிறது. அதற்குப் பிறகு அவள் மனநிம்மதியோடு இருக்கிறாளாம். அதாவது, பார்வை வந்தது கஷ்டம், குருடாய் இருப்பதே சுகம் என்று டிக்கெட் வாங்கினவனிடம் சொல்லி அனுப்புகிறார்கள். இதைச் சொல்லுகிறவர்கள் வசூலை எண்ணுகிறபோது இரண்டு கண்களையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டுதான் எண்ணுவார்கள்.

நிற்க. டாக்டர்கள் எடுத்து வைப்பது என்ன என்பதைப் பார்ப்போம். கைக்கடிகாரத்தில் முள்ளுக்கு மேலே ஒரு கண்ணாடி இருக்கிறதல்லவா? நம் கண்ணுக்கு முன்பக்கம் அதுபோல ஒரு படலம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் கனம், பதினொன்று பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலம். அதில் ரத்தக் குழாயே கிடையாது. புண்ணாலோ, சுண்ணாம்பு பட்டதாலோ அது வெளுத்துப்போனால் வெளிச்சம் உள்ளே போகாது. வெளுத்ததை எடுத்துவிட்டுத் தெளிவானதைத் தைக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி. உருவம் விழுவது கண்ணின் பின்பக்கத் திரையில். அதை இன்னாரென்று அறிவது மூளை. இவ்விரண்டும் நோயாளியினுடையவை. கடிகாரத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டால், அந்தக் கண்ணாடி முன்பு இருந்த கடிகாரத்தின் மணியையா காட்டும்?

இந்தச் சிகிச்சை முதன்முதலில் பலித்தது 1905 டிசம்பர் 7-ல், இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோட்ஸ் நகரத்தில். எட்வர்ட் சிர்ம் என்ற டாக்டர் செய்தார். சுண்ணாம்பு பட்டுக் கண் கெட்ட ஒரு கூலித் தொழிலாளிக்கு, காயத்தினால் எடுத்தே தீரவேண்டியிருந்த ஒரு பதினோரு வயதுச் சிறுவனுடைய கண்ணின் படலத்தை வைத்தார். அந்தச் சிறுவன் உயிரோடிருந்தான்! தொழிலாளிக்குத் தெரிந்தது அவன் செய்யவேண்டிய வேலைதான். நம் பக்கத்தில், 1819-ல் ஏற்பட்ட எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில் 1945-ல் கண் வங்கி வந்தது. 1948-ல் டாக்டர் முத்தையா அங்கே இந்தச் சிகிச்சையைச் செய்தார். அன்று முதல் எத்தனையோ பேர் பிறர் கருவிழியோடு பஸ் ஏறுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள், ஊசியில் நூல் கோர்க்கிறார்கள். முழுக் கண்ணையே மாற்றி வைத்ததும் உண்டு. 2023-ல் நியூயார்க்கில் செய்தார்கள். அந்தக் கண்ணில் ரத்தம் ஓடிற்று, பார்வை மட்டும் வரவில்லை. கண்ணும் மூளையும் சேர்ந்தால்தான் பார்வை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். காளத்தியில் சாமி கண்ணில் ரத்தம் வந்ததென்றும், திண்ணன் என்ற வேடன் தன் கண்ணைப் பிடுங்கி அங்கே அப்பினான் என்றும் பெரியபுராணத்தில் இருக்கிறது. அந்த வேடனைக் கண்ணப்ப நாயனார் என்று கும்பிடுகிறீர்கள். வேடன் கண் வழியாக அவனுடைய முப்பாட்டன்மார் எல்லாரும் சிவனுக்குத் தெரிந்தார்கள் என்று சேக்கிழார்கூட எழுதத் துணியவில்லை! உயிரோடிருந்தவன் கல்லுக்குக் கண் கொடுத்தால் முக்தி. செத்தவன் மனிதனுக்குக் கொடுத்தால் மட்டும் பேயா? அடுத்த ஜென்மத்தில் குருடாய்ப் பிறப்பான் என்கிறார்களே, உடம்பு முழுவதையும் எரிக்கிறோமே, அவன் சாம்பலாகவா பிறக்கிறான்?

“அப்படியானால் இல்லாத உருவம் யாருக்கும் தெரிவதே இல்லையா?” என்று ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல கேள்வி. தெரிவதுண்டு. ஜெனீவாவில் சார்லஸ் போனே என்ற அறிஞர், நம் ஊர்த் தாத்தாக்கள் கோர்ட்டில் கேட்ட அந்தப் பிரெஞ்சு பாஷையிலேயே 1760-ல் இதை எழுதியிருக்கிறார். அவருடைய தாத்தாவுக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. அதன்பின் ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டிடங்கள் எல்லாம் கண்ணெதிரே வந்து போயின. புத்தி தெளிவாயிருந்த அந்தக் கிழவர், இவை இல்லாதவை என்று தெரிந்தே வேடிக்கை பார்த்தார். கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளை சும்மா இராமல் தானே படம் போட்டுக்கொள்ளுகிறது. இன்றும் வயதானவர்களுக்கு இது வருகிறது. நம் வீட்டுப் பாட்டி “வாசலில் யாரோ நிற்கிறார்கள்” என்றால் வேப்பிலையைத் தேடாதீர்கள். கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். சினிமாக்காரர் தலைகீழாகச் சொல்லிவிட்டார், தோழர்களே! பார்வை போவதால் உருவங்கள் வருவதுண்டு. பார்வை வந்ததால் செத்தவன் வந்ததில்லை.

‘நைனா’ வந்தபோது கண் டாக்டர்கள் ஆட்சேபித்தார்கள். தடை செய்யவேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனாலும் தடையில் எனக்கு நம்பிக்கை இல்லை. தடை செய்தால், உண்மை இருப்பதால்தான் மறைக்கிறார்கள் என்பான் நம்மவன். படம் ஓடட்டும், ஓடுகிற தெருவிலேயே நாமும் ஒரு மேஜை போட்டுப் பேசுவோம்.

கடைசியாக, காரியத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி போட்டவர், சர்க்கரை வியாதிக்காரர், புரை எடுத்தவர், எண்பது வயதுக் கிழவர் யாரும் கண் கொடுக்கலாம். வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், கல்லீரலைத் தாக்கும் சில தொற்று நோய்கள் போன்றவற்றால் இறந்தவர்களுடையதை எடுப்பதில்லை. எழுதிக் கொடுத்த கார்டு பெட்டிக்குள் இருந்து பிரயோஜனமில்லை, வீட்டிலுள்ளவர்தான் கூப்பிடவேண்டும். ஆகையால் யார் கூப்பிடுவது என்று இன்று ராத்திரியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கோரிமேட்டு ஜிப்மரிலும், இதே சாலையில் தெற்கே தவளக்குப்பம் அரவிந்த் ஆஸ்பத்திரியிலும் கண் வங்கி இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாகவேண்டும். அவர்கள் வீட்டுக்கே வருவார்கள், கால் மணி, இருபது நிமிஷத்து வேலை, முகம் விகாரமாகாது. அவர்கள் வரும்வரை இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள், தலைக்குத் தலையணை கொடுத்துச் சற்று உயர்த்துங்கள், மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். மற்ற சந்தேகங்களை மேடையைவிட்டு இறங்கியதும் கேளுங்கள். கடைசி பஸ் போகிறவரையில் இங்கேதான் இருப்பேன்.